‘டீச்சர் சொன்னாங்க’: கணினி, மென்பொருள், இசை பற்றி நாம் சொல்லும் கருத்துகள்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கணினி ஆசிரியர் இல்லை. அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகச் சாவி என்னிடம் இருப்பதால், கணினி தொடர்பாக எது நடந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன். புதிய செயலி எதையும் அறிமுகப்படுத்தப் போவதில்லை. ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது நாம் சாதாரணமாகச் சொல்கிற சில கருத்துகளை எடுத்து, அவை எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

டீ நேரத்துப் பேச்சுதானே என்று நினைக்கலாம். ஆனால் நம் பேச்சு அந்த அறையோடு நிற்பதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகன் பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருந்தான். “ஐ7 இல்லாத லேப்டாப் வாங்கினா வேஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க டீச்சர். குழுவுல லோன் கேட்டிருக்கேன்” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். “ஸ்கூல்லதான் சொன்னாங்களாம்.” பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான், மைஎஸ்கியூஎல். பாடநூலில் உள்ள இந்த நிரல்களெல்லாம் பத்து ஆண்டு பழைய கணினியிலும் ஓடும். யாரோ ஒருவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி, ஒரு குடும்பத்தின் இரண்டு வருடத் தவணையாக மாற இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளில் “டீச்சர் சொன்னாங்க” என்பதற்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அதனால்தான் நம் கருத்துகளை நாமே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

“பழசாயிடுச்சு, தூக்கிப் போடுங்க”

முதல் கருத்து இது. கணினி மெதுவாக இயங்கினால் அது வயதாகிவிட்டது, உதவாது என்கிறோம்.

வகுப்பில் விளக்குவது போலவே சொல்கிறேன். நம் மேசையும் பீரோவும்தான் உதாரணம். மேசை மீது விரித்து வைத்திருப்பது ரேம். பீரோவில் அடுக்கி வைத்திருப்பது வன்தட்டு. மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு பதிவேட்டையும் எடுத்து, எழுதி, திரும்ப பீரோவில் வைத்து, அடுத்ததை எடுக்க வேண்டும். அந்த நடைதான் கணினியின் தாமதம். அதிலும் பழைய வன்தட்டு என்பது உள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிற ஒரு தட்டு. வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு ஊசி போன்ற ஒரு பாகம் நகர்ந்து போய்ப் படிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகைச் சேமிப்பகத்தில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகவே பல பழைய கணினிகளில் மெதுவாக இருப்பது மூளை இல்லை, பீரோதான். வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி., கூடுதலாக ஒரு ரேம் என்று மாற்றினாலே கணினி வேறு பிறவி எடுத்ததுபோல் இயங்குவதைப் பார்க்கலாம்.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கணினி இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும் அரசுச் சொத்து. அதை நாமாகத் திறப்பதும் பாகம் மாற்றுவதும் கூடாது. உரிய வழியில் கோரிக்கை வையுங்கள். நான் சொல்வது நம் வீட்டுக் கணினிக்கும், பெற்றோர் கேட்கும்போது நாம் சொல்லும் யோசனைக்கும்.

பழைய கணினிக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுவிட்டன. கூடுதல் காலத்துக்கான ஏற்பாடு தனியாக இருக்கிறது என்றாலும் அது நிரந்தரம் இல்லை. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள செயலி என்று நிபந்தனைகள் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இந்த வாசலில் நிற்கின்றன. பாதுகாப்பு மேம்படுத்தல் இல்லாத கணினியில் வங்கி வேலையோ, எமிஸ் உள்நுழைவோ செய்வது கதவைத் தாழிடாமல் தூங்குவது போன்றது. ஆனால் அதற்குத் தீர்வு குப்பைத்தொட்டி மட்டும் இல்லை. லினக்ஸ் இருக்கிறது.

லினக்ஸ் என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அது நமக்குப் புதிது இல்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடமே பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கிறது. அங்கே ஒரு பிள்ளைக்கு இயல்பாக வருவது இங்கே ஒரு பிள்ளைக்கு வராமல் போகாது.

“இலவசம்னா தரம் இருக்காது”, “காசு கொடுத்து வாங்குறவன் ஏமாளி”

இந்த இரண்டு கருத்துகளும் ஒரே அறையில், சில நேரம் ஒரே ஆளிடமிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வீடியோ பார்க்க நாம் எல்லோரும் பயன்படுத்தும் வி.எல்.சி., பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை. 2001-இல் அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். ஒலிப்பதிவைத் திருத்த உதவும் ஆடாசிட்டி, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-இல் வெளிவந்தது. கணித ஆசிரியர்களின் செல்லப்பிள்ளையான ஜியோஜீப்ரா, 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தொடங்கியது. கல்விக்கூடத்தில் பிறந்து உலகம் முழுக்கப் போனவை இவை. விலை இல்லை என்பதால் தரம் இல்லை என்று இவற்றைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இரண்டாவது கருத்துதான் ஆபத்தானது. “கடையில 500 ரூபாய் கொடுத்தா எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றான்” என்கிறோம். அப்படிப் போடும்போது கடைக்காரர் முதலில் செய்வது என்ன என்று கவனித்திருக்கிறீர்களா? வைரஸ் தடுப்பை அணைப்பார். பூட்டை உடைக்கும் அந்தச் சிறு நிரலை ஓடவிட்டால் தடுப்பு எச்சரிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த நிரலை எழுதியவர் யார், வேறு என்ன செய்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகு அதே கணினியில் 40 பிள்ளைகளின் ஆதார் எண்ணை வைத்து வேலை பார்க்கிறோம்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63பி பிரிவு. கணினி நிரலின் திருட்டுப் படி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம், அபராதத்தையும் குறைக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. தேர்வில் பார்த்து எழுதாதே என்று சொல்லும் நாம், வேறொருவர் உழைப்பைக் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தினால், பிள்ளை எதை நம்புவான்? கட்டற்ற மென்பொருளில் அந்தச் சங்கடமே இல்லை. “இதை உன் அக்காவுக்கும் போட்டுக் கொடு” என்று தைரியமாகச் சொல்லலாம்.

விலை பற்றிப் பேசும்போது இன்னொரு சிறு குறையையும் தீர்த்துவிடுகிறேன். “64 ஜி.பி. பென்டிரைவ்னு வாங்கினேன், 59-தான் காட்டுது, ஏமாத்திட்டான்” என்ற புகார். தயாரிப்பாளர் ஒரு ஜி.பி. என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 2-இன் அடுக்கு 30, அதாவது 107,37,41,824 பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. 6,400 கோடியை இந்த எண்ணால் வகுத்தால் 59.6 வரும். யாரும் ஏமாற்றவில்லை. எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும் கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல கணக்கு. பிள்ளைகளே பென்டிரைவைச் செருகிப் பார்த்து விடை சரியா என்று சொல்வார்கள்.

“தமிழ்ல டைப் பண்றது கஷ்டம்”

கஷ்டம்தான், பழைய முறையில். பல ஆண்டுகள் நாம் வினாத்தாள் அடித்தது எப்படி? பாமினி போன்ற ஓர் எழுத்துருவை நிறுவுவோம். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து. மேலே தெரிவது தமிழ் வடிவம். அந்தக் கோப்பை அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். அரையாண்டு வினாத்தாளை நகலகத்துக்கு எடுத்துப் போய், திறந்து பார்த்துத் திகைத்து நின்றவர்கள் இந்த அறையில் இருப்பீர்கள்.

ஒருங்குறியில் அந்தச் சிக்கல் இல்லை. தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான எண்கள் உண்டு. கைப்பேசியில் நாம் அனுப்பும் தமிழ் எல்லாம் ஒருங்குறிதான். விசைப்பலகைக்கும் பொது வழி இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு ஏற்றது தமிழ் 99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பில் நாம் உயிர், மெய், உயிர்மெய் என்று சொல்லிக் கொடுக்கும் அதே வரிசையில் விரல்கள் போகின்றன. தினமும் 20 நிமிடம் என்று ஒரு மாதம் பழகினால் பார்க்காமல் அடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

பழைய எழுத்துருவில் கிடக்கும் வினாத்தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், தமிழ் இலக்கியங்களை முதலில் அன்றிருந்த எழுத்துருக்களில் உள்ளிட்டு, பிறகு ஒருங்குறிக்கு மாற்றிய வேலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் அவ்வளவு நூல்களை மாற்றினார்கள். நம்மிடம் இருப்பது சில நூறு பக்கம்.

“எம்.பி.3-யில எல்லாம் பாட்டு கேட்க முடியுமா?”

இப்போது இசைக்கு வருகிறேன். இதில் ஆசிரியர் அறை இரண்டாகப் பிரியும். மூத்தவர்கள் “இசைத்தட்டுல கேட்ட சுகம் இதுல இல்ல” என்பார்கள். இளையவர்கள் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார்கள். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது.

என் வயதினருக்கு ஒலிநாடாக் கடை நினைவிருக்கும். பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டாகப் பதிந்து கொடுப்பார். அதை நண்பர் வாங்கிப் பதிவார்; அவரிடமிருந்து இன்னொருவர் பதிவார். மூன்றாவது நாடாவில் பாட்டைவிட இரைச்சல் அதிகம் இருக்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த வினாத்தாள் போல. எண்ம இசையில் இது நடப்பதில்லை. எண்களை அப்படியே படியெடுக்கிறோம். ஆயிரமாவது படியும் முதல் படியும் ஒன்றே.

ஒலி எப்படி எண் ஆகிறது? வரைபடத் தாளில் நாம் வளைவரை வரையச் சொல்கிறோம். புள்ளிகளை நெருக்கமாகக் குறித்தால் வளைவு சரியாக வரும். ஒலி அலையையும் அப்படித்தான் புள்ளி புள்ளியாக அளக்கிறார்கள். 1982-இல் வந்த குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 புள்ளிகள். ஏன் அந்த எண்? பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று நடத்துகிறோம். ஓர் அதிர்வைச் சரியாகத் திரும்பப் பெற, அதன் இருமடங்குக்கு மேல் புள்ளிகள் வேண்டும் என்பது விதி. 20,000-இன் இருமடங்குக்குச் சற்று மேல்தான் 44,100. பாடப்புத்தகத்தின் ஒரு வரி பாட்டுத்தகட்டின் உள்ளே இருக்கிறது என்று சொன்னால், கடைசி வரிசைப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காருவான்.

ஒவ்வொரு புள்ளியும் 16 பிட், அதாவது 65,536 படிநிலைகளில் ஒன்று. இடது, வலது என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 53 எம்.பி. தொலைபேசிக் கம்பி வழி இணையம் வந்த 1990-களில், நொடிக்கு 56,000 பிட் என்ற முழு வேகம் கிடைத்தாலும் அதை இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனமும் பிறரும் சேர்ந்து எம்.பி.3-ஐ உருவாக்கினார்கள். அந்தப் பெயர் 1995 ஜூலை 14 அன்று முடிவானது. 128 கிலோபிட் எம்.பி.3-யில் அதே பாட்டு 4.8 எம்.பி. பதினொன்றில் ஒரு பங்கு.

மீதிப் பத்துப் பங்கு எங்கே போயிற்று? நாம் கேட்காததை அது விட்டுவிடுகிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் மணி அடிக்கும் நொடியில் பின்வரிசைப் பிள்ளைகள் கிசுகிசுப்பது நமக்குக் கேட்பதில்லை. பேச்சு நடக்கிறது, காதுக்கு எட்டவில்லை. உரத்த ஒலி தனக்கு அருகில் உள்ள மெல்லொலியை மறைத்துவிடும். அந்த மறைந்த பகுதியைச் சேமிப்பானேன் என்பதே எம்.பி.3-யின் யோசனை. எங்கே கைவைத்தால் காது கண்டுபிடிக்கும் என்று தேடிய கார்ல்ஹெய்ன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா என்ற பாடகி எந்தக் கருவியும் இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் முறையைத் திருத்தினார். பெரிய வாத்தியக் குழுவின் இசையில் ஒளிந்துகொள்ளும் பிழை, தனிக்குரலில் உடனே தெரிந்துவிடுகிறது.

ஆக, மூத்தவர்கள் சொல்வது போல எம்.பி.3-யில் ஏதோ குறைகிறது என்பது உண்மை. அது எல்லார் காதுக்கும் தெரியும் என்பது உண்மை இல்லை. இதை வாதாடித் தீர்க்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். நம்மிடம் உள்ள ஒரு நல்ல பதிவை ஆடாசிட்டியில் திறந்து, 320, 128, 32 கிலோபிட் என மூன்று எம்.பி.3 கோப்புகளாகச் சேமியுங்கள். மூலத்தையும் சேர்த்து நான்கு. எது எது என்று சொல்லாமல், ஒலி அளவை மாற்றாமல், வரிசையைக் குலுக்கிப் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் சீட்டில் எழுதட்டும். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் செய்தபோது 32-ஐ எல்லோரும் பிடித்துவிட்டார்கள். 320-க்கும் மூலத்துக்கும் வேறுபாடு சொன்னவர்கள் பெரும்பாலும் ஊகித்தார்கள். மறுமுறை போட்டபோது விடை மாறியது. “எனக்கு நல்லாக் கேட்குது” என்பதற்கும் “சோதனையில் தெரிந்தது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு பாடவேளை கற்றுக் கொடுத்தது. அறிவியல் மனப்பான்மை என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருப்பது இதைத்தான்.

ஒலி அளவை ஏன் மாற்றக் கூடாது என்றேன் என்றால், சற்றே உரக்கக் கேட்பது நல்ல ஒலியாகத் தோன்றுவது காதின் இயல்பு. கடையில் ஒலிபெருக்கி விற்பவருக்கு இது தெரியும். காதொலிப்பான் போட்ட பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவே பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எந்தக் கருவி சிறந்தது என்பதைவிட, எவ்வளவு சத்தத்தில் எவ்வளவு நேரம் கேட்கிறாய் என்பதைத்தான் பிள்ளையிடம் நாம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 128-இல் உள்ள பாட்டை 320-க்கு மாற்றினால் தரம் கூடும் என்பது தவறு. கோப்புதான் பெரிதாகும். ஜெராக்ஸ் தாளைப் பெரிதாக்கினால் அழிந்த எழுத்து திரும்ப வராது.

ஆண்டுவிழாப் பாட்டு பற்றியும் ஒரு சொல். பள்ளி விழாவில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னிலையில் பாட்டைப் பாடவோ ஒலிக்கவோ பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே நடனத்தை யூடியூபில் ஏற்றும்போது அந்த விலக்கு கூடவே வருவதில்லை. பாட்டைத் தானே அடையாளம் காணும் மென்பொருள் ஒலியை முடக்கலாம். “நம்ம ஸ்கூல் வீடியோவை ஏன் தடுத்தாங்க?” என்ற கேள்விக்கு விடை இதுதான். நாட்டுப்புறப் பாட்டைப் பிள்ளைகளே பாடி, ஆசிரியரே தாளமிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

“போன்ல இருக்கு, எங்கே போயிடப் போகுது?”

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். தரத்தைப் பற்றி இவ்வளவு வாதம் செய்கிற நாம், பாதுகாப்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புத் தமிழாசிரியர் ஒரு செயல்திட்டம் கொடுத்தார். வீட்டில் பெரியவர்கள் பாடும் பாட்டைப் பதிவு செய்து வர வேண்டும். ஒரு மாணவி தன் அப்பாயியின் நடவுப் பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்தாள். பதினோரு நிமிடம். அந்த அம்மா அதற்கு முன் யாருக்காகவும் உட்கார்ந்து பாடியதில்லை. வயலில் குனிந்தபடி பாடியதுதான். வகுப்பில் போட்டுக் கேட்டோம். சில மாதம் கழித்துக் கைப்பேசி பழுதானது. கடையில் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் அழித்துச் சரிசெய்து தந்தார்கள். அதற்குள் அப்பாயியும் காலமாகியிருந்தார். பதினாறாம் நாளுக்கு அந்தக் குரலைப் போட வேண்டும் என்று பிள்ளை கேட்டபோது வீட்டில் யாரிடமும் இல்லை.

கடைசியில் அது கிடைத்தது. திருப்பூரில் வேலை செய்யும் அவள் சித்தப்பாவுக்கு அந்தப் பதிவை அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவர் அழிக்கவில்லை. வாட்ஸ்அப் வழியில் சுருங்கிப் போன படிதான். காற்றின் இரைச்சலும் இருந்தது. ஆனால் குரல் இருந்தது. எந்தத் தரம் உயர்ந்தது என்று கேட்டால் இப்போது நான் சொல்லும் விடை: கையில் இருக்கிற தரம்.

எண்மப் பதிவு அழியாது என்பதும் நம் கருத்துகளில் ஒன்று. ஆயிரம் படி எடுத்தாலும் மங்காது என்று சற்று முன் சொன்னேன். ஆனால் ஒரே ஒரு படி மட்டும் இருந்தால், அது மங்காமல், ஒரே நொடியில் முழுவதுமாகப் போய்விடும். ஒலிநாடாவில் தேய்ந்த பாட்டாவது மிஞ்சும்.

எனவே மூன்று, இரண்டு, ஒன்று என்ற விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். கைப்பேசியில் ஒன்று, பள்ளிக் கணினியில் ஒன்று, மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. செலவு எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு சுருங்காமல் போகும். கோப்பின் பெயர் ‘ஆடியோ 001’ என்று இருந்தால் அடுத்த ஆண்டு யாருக்கும் புரியாது. என்ன பாட்டு, பாடியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். பாடியவரிடம் அனுமதி கேட்டு, அவர் சம்மதம் சொல்வதையும் சேர்த்தே பதியச் சொல்லுங்கள்.

தாலாட்டும், ஒப்பாரியும், ஏற்றப் பாட்டும், விடுகதையும் தெரிந்த கடைசித் தலைமுறை நம் பள்ளி மதிலுக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. பதிவு செய்யும் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நடுவில் நிற்பது நாம்தான்.

“பசங்களுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியாது”

கடைசிக் கருத்து. பிள்ளைகள் கைப்பேசியை வேகமாகத் தள்ளுவதைப் பார்த்து நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம், “இப்போது எழுதியதை எங்கே சேமித்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். கோப்பு என்றால் என்ன, கோப்புறை என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. கைப்பேசி அதை அவர்களிடமிருந்து மறைத்துவிட்டது. படம் கேலரியில் இருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது, விளக்கம் தேவைப்படுகிறது. விளக்குவது நம் தொழில்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இது எங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதை ஜூலையில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிப்ரவரியில் அதே பிள்ளையை மீண்டும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் பெற்றோரிடம் போட்டுக் காட்டுங்கள். மதிப்பெண் பட்டியல் படிக்கத் தெரியாத தாய்க்கும் தன் பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று புரியும். அதற்கு எம்.பி.3-யும் போதும், பழைய கைப்பேசியும் போதும்.

நிறைவாக மூன்று வேண்டுகோள். கணினி வாங்கலாமா என்று பெற்றோர் கேட்டால், பிள்ளை அதில் என்ன செய்யப் போகிறான் என்று முதலில் கேட்டுவிட்டு யோசனை சொல்லுங்கள். பள்ளியிலும் வீட்டிலும் உடைத்த மென்பொருளுக்குப் பதிலாகக் கட்டற்ற மென்பொருள் ஒன்றையாவது இந்தப் பருவத்தில் பழகுங்கள். உங்கள் கைப்பேசியில் ஒரே படியாக இருக்கும் பதிவு எது என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்; அதை இன்னோர் இடத்தில் சேமித்துவிட்டுத் தூங்குங்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதைச் சேர்ந்து தேடுவோம்.